கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி:
காங்கேயம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலம். அப்பா காலத்தில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கும். இப்போது கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும்தான் மிச்சம், நடுவில் வெறும் தரை. போன வருஷம் கதிரை உருவிய கையோடு தூவினேன். பாதி காற்றோடு போனது, மீதியை எறும்பு இழுத்துப்போனது. இருக்கிற கொஞ்சம் புல்லையும் உழுது அழிக்க மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில்:
தம்பி, உருவின உடனே போட்டால் சரியாக முளைக்காதுங்க. விதைக்கு உறக்கம் உண்டு. ஆறேழு மாதம் சாக்கில் காய்ந்து கிடக்கட்டும். பஞ்சு மாதிரி இருப்பதால் ஈர மணலோடு பிசைந்து தூவுங்கள், பறக்காது. ஏக்கருக்கு மூன்று கிலோ வேண்டும். மொட்டையாகக் கிடக்கும் இடத்தை மட்டும் கொத்தால் லேசாகக் கீறுங்கள். தூவியபின் ஒரு வெள்வேலங் கொப்பை இழுத்துக்கொண்டே நடந்தால் விதை மேல் மண் மெல்லிசாக மூடும், அது போதும். ஆழத்தில் போன விதை மேலே வராது. நான் புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால் போட்டேன்.

இன்னொரு பதில்:
அண்ணன் சொல்வது சரி. அப்புறம், ஆடுதான் முக்கியம். இளம்புல்லை ஆடு வேரோடு பிடுங்கிவிடும். முதல் கதிர் முற்றி உதிரும் வரை உள்ளே விடாதீர்கள். எங்கள் காட்டில் பொறுக்காமல் தையிலேயே விட்டு, எல்லாம் போய் மறுபடி விதைத்தோம்.

கேட்டவர்:
நன்றிங்க அண்ணா. ஆடு நுழையாதபடி வேலி வாசலில் கடவைப் படலை இன்றைக்கே கட்டிவிடுகிறேன்.