குளச்சல் மொட்டை மாடிக்கு எந்த கிரில், எந்த நாற்காலி?

கேள்வி: கல்ஃபிலிருந்து வரும் அண்ணன் குடும்பத்துக்கு மாடியில மீன் சுட கிரில், நாலு நாற்காலி வேணும். கடல் பக்கம்தான். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதுமா?

பதில் 1: போதாது மக்கா. உப்புக்காத்துல 304 பழுப்புப் புள்ளி விடும். 316 கிரேடுல 2–3 சதவீதம் மாலிப்டினம்கிற உலோகம் இருக்கு, தாங்கும். காந்தம் வச்சுப் பார்த்து ரெண்டையும் பிரிக்க முடியாது. பில்லுல கிரேடு எழுதி வாங்குங்க. ஆனாலும் வாரம் ஒருக்கா நல்ல தண்ணியில கழுவித் துடைக்கணும்.

பதில் 2: கேஸ் கிரில்னா ஒண்ணு கவனிங்க, சிலிண்டர் கேஸ் காத்தைவிடக் கனம். கைப்பிடிச்சுவர் மூலையில சிலிண்டர் வச்சா கசிவு அங்கேயே தேங்கும். ஓஸ் இணைப்புல சோப்பு நுரை தடவிப் பாருங்க, குமிழ் வந்தா சிலிண்டரை மூடிடுங்க. ஆனி, ஆடிக் காத்துல கரி வேண்டாம், பொறி பறக்கும்.

பதில் 3: நாற்காலி பவுடர் கோட்டிங் அலுமினியம். ஸ்டீல் ஸ்குரூவுக்கு அடியில நைலான் வாஷர் போடுங்க, இல்லேன்னா ஓட்டையைச் சுத்தி அலுமினியம் வெள்ளையா பொரிஞ்சுடும்.

கேட்டவர்: தேக்கு?

பதில் 3: தாங்கும். நிறம்தான் சாம்பலாகும்.