40 ஷீட் ஆல்பம் 15,000 ரூபாய்க்குக் கட்டுப்படியாகுமா?

காரைக்குடி_புதுசு:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். காரைக்குடியில தனியா கல்யாண ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சிருக்கேன். போட்டோ, வீடியோவுக்கு ரேட் சொல்றதுல குழப்பம் இல்ல. ஆல்பத்துக்கு என்ன சொல்றதுன்னுதான் பிடிபடல. ஆவணியில கானாடுகாத்தான்ல ஒரு நகரத்தார் வீட்டுக் கல்யாணம், வளவு (நடு முற்றம்) வச்ச வீட்டுலயே நடக்குது. 12×36 அங்குல சைஸ், 40 ஷீட், பெண் வீட்டுக்கு ஒண்ணு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்ணுன்னு கேக்குறாங்க.

லேப்ல சொன்ன ரேட் இது: பிரிண்ட் ஷீட்டுக்கு 150, டிசைன் ஷீட்டுக்கு 80, அக்ரிலிக் பேட் (ஆல்பத்தோட அட்டை) பாக்ஸோட 2,200, கூரியர் 300. ஒரு ஆல்பம் 15,000, ரெண்டும் சேர்த்து 28,000னு சொல்லலாம்னு இருக்கேன். இதே ஆல்பத்தை 11,000க்குத் தர்ற ஆளும் இருக்காங்கன்னு வீட்டுக்காரங்க காதுல விழுந்திருக்கு. என்ன சொல்றது?

ஷீட்கணக்கு:

தம்பி, முதல்ல உங்க லேப் ரேட்டை வச்சே போட்டுப் பாத்துருவோம். பிரிண்ட் 40 × 150 = 6,000. டிசைன் 40 × 80 = 3,200. பேட் பாக்ஸ் 2,200. கூரியர் 300. ஆக 11,700 கையை விட்டுப் போற காசு. 11,000க்குத் தர்றவர் ஒண்ணு தாள்ல குறைக்கிறார், இல்ல டிசைனை அவரே ராத்திரி உக்காந்து போட்டு அந்த உழைப்பைக் கணக்குல சேர்க்காம விடுறார். அவரோட போட்டி போட வேண்டாம்.

அந்த 11,700ல உங்க நேரம் இல்ல. போட்டோ பிரிச்சு அனுப்புறது, கலர் சரி பண்றது, டிசைன் பாத்துத் திருத்தம் சொல்றது, வீட்டுக்கு ரெண்டு தடவ போறது எல்லாம் சேர்த்து 12 மணி நேரம்னு வைங்க. மணிக்கு 200 போட்டாலும் 2,400. மறு பிரிண்டுக்கு ஒதுக்கா 5 சதம், அதாவது 585. மொத்தம் 14,685. நீங்க 15,000க்குக் கொடுத்தா மிச்சம் 315 ரூபாய். ஒரு மூலை மடங்கி வந்தா அதுவும் போச்சு.

விக்கிற விலையில 30 சதம் நிக்கணும்னா 14,685ஐ 0.7ஆல வகுக்கணும். 20,978 வரும், 21,000 சொல்லுங்க. நிறைய பேர் இங்கதான் தப்பு பண்றாங்க. அடக்கத்து மேல 30 சதம் ஏத்தி 19,090 சொல்லிட்டு, 30 சதம் நின்னுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. விலையில பாத்தா நிக்கிறது 23 சதம்தான்.

கூடுதல் ஷீட்டுக்கும் இப்பவே ரேட் எழுதுங்க. பிரிண்ட் 150, டிசைன் 80, உங்க நேரம் ஏறக்குறைய 60, ஆக 290. அதே வகுத்தல்ல 414 வருது, 425ன்னு போடுங்க. கொட்டேஷன்ல இந்த ரேட் எழுதாத ஆல்பம் எல்லாம் நட்டத்துலதான் முடியும்.

மடிப்புக்கோடு:

மேலே உள்ள கணக்கு சரிதான், ஆனால் 12 மணி நேரம் என்பது முதல் டிசைனிலேயே வீட்டார் தலையாட்டினால் மட்டும். பொதுவாக மூன்று சுற்று திருத்தம் போகும். "இரண்டு முறை திருத்தம் இலவசம், அதன்பின் ஷீட்டுக்கு இவ்வளவு" என்று எழுதி விடுங்கள்.

அடிதடி ஆரம்பிக்கும் இடம் செலக்‌ஷன். ஒரு ஷீட்டில் சராசரியாக 4 முதல் 5 படம் வைத்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும். 40 ஷீட்டுக்கு 160 முதல் 200 படம். வீட்டார் 400 படம் டிக் அடித்து அனுப்புவார்கள். அது 80 ஷீட்டுக்கு மேல். 40க்குள் அடைத்தால் ஆளுக்கு ஆள் முகம் புளியங்கொட்டை அளவுக்குப் போகும், பிறகு "ஆல்பம் நெரிசலா இருக்கே" என்று பேச்சு. ஆகவே படம் அனுப்பும்போதே "180 படம் தேர்வு செய்யவும், மேற்பட்டால் கூடுதல் ஷீட்" என்று எண்ணைச் சொல்லி அனுப்புங்கள். ஒரு பேடில் எத்தனை ஷீட் வரை கட்டுவார்கள் என்றும் லேபில் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் இரண்டு பாகம், இரண்டு பேட் காசு.

படத்தின் எண் இன்னொரு தலைவலி. இரண்டு கேமராவிலும் டிஎஸ்சி_4512 என்றே பெயர் வரலாம். வீட்டார் "4512" என்று எழுதித் தருவார்கள், எந்தக் கேமராவின் 4512 என்று யாருக்கும் தெரியாது. கார்டை இறக்கியதுமே ஒரு கேமராவுக்கு ஏ_, இன்னொன்றுக்கு பி_ என்று பெயர் மாற்றி விடுங்கள். கல்யாணத்தன்று காலையிலேயே இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வையுங்கள், இல்லாவிட்டால் வரிசைப்படுத்தும்போது திருப்பூட்டுதலுக்கு (தாலி கட்டுவதற்கு) முன்னாலேயே மொய் எழுதுகிற படம் வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பின் பெயரே மாறிவிடும், தரமும் குறையும். டாக்குமெண்டாக அனுப்பினால் பெயர் அப்படியே இருக்கும். பென்டிரைவ் இன்னும் நல்லது.

டிசைன் கோப்பு 12×36க்கு 300 டிபிஐயில் 10800 × 3600 பிக்சல், கலர் எஸ்ஆர்ஜிபி முறையில். நான்கு ஓரமும் கால் அங்குலம் வெட்டில் போகும். நடு மடிப்புக்கு இரு பக்கமும் அரை அங்குலத்துக்குள் முகம், எழுத்து எதுவும் வரக்கூடாது. குடும்ப குரூப் போட்டோவை ஷீட் முழுக்க விரித்தால் நடுவில் நிற்பது மணமக்கள், மடிப்பு நேராக மாப்பிள்ளை மூக்கில் விழும். குரூப்பை ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். விரித்தே ஆக வேண்டுமென்றால், எடுக்கும்போதே மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

சிவப்புப் பட்டுப் புடவையைக் கவனியுங்கள். மானிட்டரில் சேச்சுரேஷனை ஏற்றினால் பளிச்சென்று இருக்கும், அச்சில் நெசவும் மடிப்பும் மறைந்து ஒரே சிவப்புக் கட்டியாக வரும். கழுத்துரு (நகரத்தார் தாலி) ஒரு பக்கம் எல்இடி விளக்கிலும் ஒரு பக்கம் வளவு வெயிலிலும் இருந்தால் பாதி தங்கம், பாதி பித்தளை மாதிரி தெரியும். அதை டிசைனர் சரி செய்ய மாட்டார், நீங்கள்தான் முன்கூட்டியே செய்து கொடுக்க வேண்டும். மானிட்டர் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துக் கலர் பார்த்தால் ஆல்பம் இருட்டாகத்தான் வரும். மொத்தமும் அடிக்கும் முன் நாலைந்து படத்தைச் சின்ன அளவில் டெஸ்ட் பிரிண்ட் எடுத்து, மஞ்சள் பூசிய முகத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

காரைக்குடி_புதுசு:

நன்றிண்ணே, 30 சதக் கணக்கு இப்பதான் புரிஞ்சது. ரெண்டாவது ஆல்பத்துக்கும் 21,000ஆ? அப்படிச் சொன்னா வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. தாள் எதுன்னும் சொல்லுங்க, லேப்ல மேட், கிளாஸி, வெல்வெட், கிழியாத ஷீட்னு அஞ்சாறு சொல்றாங்க.

ஷீட்கணக்கு:

அப்படியே காப்பின்னா டிசைன் காசு கிடையாது. பிரிண்ட் 6,000, பேட் 2,200, ஒதுக்கு 5 சதம் 410, சரி பாக்க ஒரு மணி நேரம் 200. மொத்தம் 8,810, விலை 12,600. ஆனா நம்ம பக்கம் அப்படியே காப்பி யாரும் வாங்க மாட்டாங்க. மாப்பிள்ளை வீட்டு ஆல்பத்துல மாப்பிள்ளை அழைப்பு கூட வேணும், பெண் வீட்டுல சீர்ச் சாமான் பரப்பினது கூட வேணும். பத்து ஷீட் மாறுதுன்னு வைங்க, டிசைன் 800, உங்க நேரம் 600, வகுத்தா 2,000. ஆக 14,600. ரெண்டு ஆல்பமும் 35,600. நீங்க நினைச்ச 28,000க்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்னு பாருங்க.

லேப் சொன்ன 150 வரி சேர்த்தா, சேர்க்காமலான்னு கேளுங்க. வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருந்து நீங்க ஜிஎஸ்டி எடுக்காம இருந்தா, லேப் போடுற வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அதுவும் உங்க அடக்கம்தான். பதிவு இல்லாம நீங்க வாடிக்கையாளர்கிட்ட ஜிஎஸ்டின்னு தனியா வாங்கவும் கூடாது. பதிவு எடுத்தா போட்டோகிராஃபி சேவைக்கு 18 சதம்.

மடிப்புக்கோடு:

தாள் விஷயம். கிளாஸி கடையில் பார்க்க மினுங்கும், வீட்டில் கைரேகை படியும், புழுக்கத்தில் பக்கம் பக்கத்தோடு ஒட்டும். டிஜிட்டல் பிரஸ்ஸில் அடித்த சாதாத் தாள் நாள்பட மடிப்பில் மை உடைந்து வெள்ளைக் கோடு விடும், கறுப்பு, அரக்குப் பின்னணியில் அது அப்பட்டமாகத் தெரியும். அந்தத் தொல்லை கிழியாத ஷீட்டில் குறைவு. வெல்வெட் தொட நன்றாக இருக்கும், கறுப்பின் ஆழம் சற்றுக் குறையும், நகம் பட்டால் தடம் தெரியும். நாலு தலைமுறை புரட்டப் போகிற வீட்டுக்கு என்னைக் கேட்டால் கிழியாத ஷீட், மேட்.

ஆல்பம் வந்த அன்றே பிரித்துப் பாருங்கள், பிரிப்பதை வீடியோ எடுத்துக் கொண்டே. ஷீட் எண்ணிக்கை, வரிசை, லேமினேஷனில் குமிழி, அக்ரிலிக் மூலையில் விரிசல். எத்தனை நாளுக்குள் புகார் சொல்ல வேண்டும் என்று லேபில் முன்னமே கேட்டு வைத்திருங்கள்.

முகப்புத்திண்ணை:

கணக்கெல்லாம் சொல்லிட்டாங்க தம்பி. விக்கிறதைப் பத்தி நான் சொல்றேன்.

ஆல்பத்தை போன்ல காட்டி விக்க முடியாது. சாம்பிள் ஒண்ணு கையில கொண்டு போங்க, அதுவும் அதே 12×36. பத்துக் கல்யாணத்துல இருந்து நல்ல படமாப் பொறுக்கின சாம்பிள் வேண்டாம், ஒரே கல்யாணம் முதல்ல இருந்து கடைசி வரை. முகப்புல உக்காந்திருக்கிற ஆச்சி மடியில வச்சுப் புரட்டட்டும். அந்த மடியில 12×36 நிக்காது, இறக்கி வச்சிருவாங்க. கூடவே 12×30ல ஒண்ணு காட்டினா அதைத்தான் கேப்பாங்க. உங்களுக்கும் லேப் காசு குறையும், வீட்டுக்கும் தூக்க வசதி. அப்பத்தாவுக்குத் தனியா ஒரு மினி புக் வேணுமான்னு அப்பவே கேளுங்க, டிசைன் ஏற்கனவே இருக்கிறதால அதுல உங்களுக்கு நிக்கும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி பெரியவங்க ஒருத்தரை உக்கார வச்சு சடங்கு வரிசையைக் கேட்டு எழுதுங்க. திருப்பூட்டுறதை யாரும் தவற விட மாட்டாங்க. இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதுறது, வேவுச் சடங்கு, இதையெல்லாம் வெளியூர் கேமராக்காரர் சாப்பிடப் போன நேரத்துல முடிச்சிருவாங்க. அது இல்லாத ஆல்பத்துக்கு யார் காசு தருவா? பங்காளிகள் குரூப், தாயபிள்ளைகள் குரூப், யார் யார் நிக்கணும்னு பேர் பட்டியல் வாங்கிக்குங்க. வளவுல உச்சி வெயில் நேரத்துல குரூப் நிறுத்தாதீங்க, நடுவுல வெள்ளை அடிக்கும், தூண் வரிசைக்குப் பின்னாடி கும்மிருட்டு. காலையில, இல்ல முகப்புத் திண்ணையில.

சாமான் பரப்பினதைப் படி மேல ஏறி நின்னு ஒரே படமா எடுங்க. அதுக்கு ஒரு முழு ஷீட் ஒதுக்கிருங்க, மூலையில சின்னதா வச்சா ஒத்துக்க மாட்டாங்க.

அட்டையில பேர் போடும்போது விலாசம், அதாவது பேருக்கு முன்னாடி வர்ற இனிஷியல் வரிசை, முக்கியம். நகரத்தார் வீட்டுல இனிஷியல் ஒத்தை எழுத்து இல்ல, மூணு நாலு வரும், வரிசையும் புள்ளியும் மாறக்கூடாது. அழைப்பிதழைப் பாத்து நீங்களா அடிக்காதீங்க. அட்டையும் முதல் ஷீட்டும் ஒரு தாள்ல பிரிண்ட் எடுத்து, ரெண்டு வீட்டுப் பெரியவங்க கையெழுத்தோட வாங்கிக்குங்க. தப்பா வந்தா 2,200 ரூபாய் பேட் உங்க தலையில.

காசு மூணு தவணை. பேசி முடிச்ச அன்னைக்கு ஒண்ணு, கல்யாணத்தன்னைக்கு ஒண்ணு, ஆல்பக் காசு மொத்தமும் லேப்புக்குக் கோப்பு போறதுக்கு முன்னாடி. "ஆல்பம் கொடுக்கும்போது தர்றோம்"னா ஒத்துக்காதீங்க. ஏமாத்துவாங்கன்னு சொல்லல. கல்யாணம் முடிஞ்ச பத்தாம் நாள் பாதிப் பேர் சென்னை, பாதிப் பேர் சிங்கப்பூர், வீடு பூட்டிக் கிடக்கும். ஆல்பம் அடுத்த கல்யாணம் வரைக்கும் உங்க பீரோவுலதான். அதே காரணத்துக்காகத்தான் செலக்‌ஷனையும் ரெண்டு வீடும் ஊர்ல இருக்கிற அந்த ஒரு வாரத்துலயே முடிங்கன்னு சொல்றேன். மூணாம் நாளே பென்டிரைவ் கையில கொடுத்துருங்க. 30 நாளுக்குள்ள செலக்‌ஷன் வரலன்னா லேப் ரேட் ஏறினது அவங்க பொறுப்புன்னும் எழுதிக்குங்க.

காரைக்குடி_புதுசு:

12×30க்கும் ரேட் வாங்கிட்டு 35,600ஐ மறுபடி போடுறேன்ணே. கடைசியா ஒண்ணு. இந்தக் கல்யாணப் படத்தை என் இன்ஸ்டாகிராம்ல சாம்பிளாப் போடலாமா? எடுத்தது நான்தானே.

ஷீட்கணக்கு:

எடுத்தது நீங்க, உரிமை அவங்களுது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லன்னா, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுல இருக்கு. அதனால கொட்டேஷன்லயே "விளம்பரத்துக்குப் படம் பயன்படுத்தச் சம்மதம் / சம்மதம் இல்லை"ன்னு ரெண்டு கட்டம் போட்டு டிக் வாங்குங்க. எடிட் பண்ணின ஜேபெக் மட்டும்தான் தருவோம், ரா கோப்பு (கேமராவுல இருந்து வர்ற மூலக் கோப்பு) கிடையாதுங்கிறதையும் அதுக்குக் கீழயே எழுதுங்க, ஆல்பம் கொடுத்த பிறகு எத்தனை மாசம் கோப்பு வச்சிருப்பீங்கங்கிறதையும்.

முகப்புத்திண்ணை:

சம்மதம்னு டிக் அடிச்சாலும் சாமான் பரப்பின படத்தையும் கழுத்துரு கிட்டப் படத்தையும் போடாதீங்க தம்பி. பூட்டிக் கிடக்கிற வீடு.