முற்றத்துத் தகர வாய்க்கால் ஒழுகுகிறது, அவசரம்

முற்றம்வீடு: காரைக்குடிப் பக்கம் பழைய ஓட்டு வீடு. முற்றத்து ஓட்டு விளிம்பில் மழைத்தண்ணீர் பிடிக்கிற தகர வாய்க்கால் ஒழுகி வளவுத் தரையெல்லாம் தண்ணீர். போன வாரம் சிலிகான் அடித்தேன், நேற்றைய மழையில் தோலாக உரிந்து வந்துவிட்டது. தீபாவளிக்குச் சொந்தபந்தமெல்லாம் வருகிறார்கள், அதுவரை தாங்கினால் போதும். என்ன போடலாம்?

தகரடப்பா: ஜிஐ தகரமா (துத்தநாகம் பூசிய இரும்பு), அலுமினியமா, செம்பா? இணைப்பில் ஒழுகுகிறதா, நடுவில் ஓட்டையா? படம் போடுங்க.

மணி_எம்சீல்: எம்சீல் வாங்கிப் பிசைந்து அப்புங்க. தண்ணித் தொட்டிக்கே நிற்கிறது, இதுக்கு நிற்காதா?

பழைய ஓவர்சியர்: ஐப்பசி பிறந்தால் இதே கேள்வி. ஆடியில் ஏணி போட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றாது. தம்பி, முதலில் வாட்டம் பாருங்கள், 10 அடிக்குக் கால் அங்குலமாவது இறக்கம் வேண்டும். இறங்குகுழாய் வாயில் வேப்பிலை அடைத்திருந்தால் தண்ணீர் விளிம்பு தாண்டி வழியும், அதையும் ஒழுகல் என்றுதான் சொல்வீர்கள்.

முற்றம்வீடு: ஜிஐ தான். இணைப்பில் ஒழுகுகிறது, தள்ளி ஒரு இடத்தில் விரல் நுழைகிற துரு ஓட்டை. குப்பை இல்லை, பார்த்துவிட்டேன் ஐயா.

தகரடப்பா: சிலிகான் காயும்போது வினிகர் வாடை வந்ததா? அந்த வகை அமிலம் விடும், தகரத்தின் துத்தநாகப் பூச்சை அரிக்கும், பிடிக்காது. நியூட்ரல் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்க. எம்சீல் கல்லாகிவிடும், வெயிலில் தகரம் நீண்டு சுருங்கும்போது விரிசல் விடும். உங்களுக்குத் தார் டேப்தான் சரி, ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பிசுக்கு. மழை விட்ட நேரத்தில் பழைய சிலிகானைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டு, உள்பக்கமாக ஒட்டுங்க, இணைப்புக்கு இரண்டு பக்கமும் 3 அங்குலம் தள்ளி. ஒன்றுக்கு மேல் துண்டு என்றால் தாழ்வான முனையில் ஆரம்பிக்கணும், மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் ஏறி நிற்கணும், இல்லாவிட்டால் ஓடுகிற தண்ணீரே டேப்பைக் கிளப்பிவிடும். ஓட்டைக்கு ஜிஐ தகரத்துண்டு வெட்டி அடியில் சீலன்ட் கொடுத்து மேலே டேப். செம்புத்தகடு வேண்டாம், சுற்றியுள்ள ஜிஐயைத் தின்றுவிடும்.

மணி_எம்சீல்: எங்க வீட்டில் விரிசல் விடலை.

தகரடப்பா: உங்க வீட்டில் அது வெயிலில் இருக்கா, நிழலில் இருக்கா?

கடலோரம்: இவ்வளவு எதுக்கு, சாக்குத்துணியைத் தாரில் நனைத்து ஒட்டினால் முடிஞ்சது.

ஆச்சிவீட்டுப் பேரன்: செட்டிநாட்டில் அந்தத் தண்ணீரை அண்டாவில் பிடித்துக் குடிப்பார்கள். தார் பூசினால் யார் குடிப்பது? டேப்பிலும் தார்தானே?

கடலோரம்: அந்தக் காலத்தில் ஈயம் வைத்துத்தான் பற்ற வைத்தார்கள், யார் செத்தார்கள்? பித்தளைப் பாத்திரத்துக்கே ஈயம் பூசுகிறோம்.

பழைய ஓவர்சியர்: பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். பழைய பற்றவைப்பில் பாதி காரீயம். உப்பில்லாத மழைத்தண்ணீர் அதைக் கரைக்கும். இதுகூடத் தெரியாமல் வைத்தியம் சொல்ல வந்துவிடுகிறார்கள்.

கடலோரம்: ஓவர்சியர் சார், வாய்க்காலைப் பேசுங்க, என்னைப் பேசாதீங்க.

முற்றம்வீடு: டேப் ஒட்டினேன், இணைப்பு நின்றுவிட்டது. ஓட்டைக்குக் கீழே இப்போதைக்கு வாளி. பலகார வேலை கிடக்கிறது, அப்புறம் வருகிறேன்.

பழைய ஓவர்சியர்: வாட்டம் பார்த்தீர்களா?

ஆச்சிவீட்டுப் பேரன்: அந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்களா இல்லையா, அதையாவது சொல்லுங்க.