புதுப்பிப்பு: முதல் கச்சேரி மயிலாப்பூர் இல்லையாம், திருவையாறாம்

போன வாரம் நான் கேட்ட முதல் லைவ் கச்சேரி பத்தாவது படிக்கும்போது மயிலாப்பூர் சபாவுலன்னு எழுதியிருந்தேன்ல, அது தப்பு. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினா, "போடா, உன்ன ஆறு வயசுலயே தாத்தா திருவையாறு ஆராதனைக்கு தூக்கிட்டுப் போனாரே"ன்னு சிரிக்கிறாங்க. (கர்நாடக இசை மேதை தியாகராஜர் நினைவா வருஷா வருஷம் அங்க நடக்குற விழா அது.) சொன்னதும் கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வருது... தை மாசக் குளிர், காவிரிக்கரைப் பந்தல், தியாகராஜர் சமாதி பக்கத்துல பெரிய பெரிய வித்வானெல்லாம் சும்மா தரையில எதிரெதிரா வரிசையா உக்காந்து பஞ்சரத்ன கீர்த்தனை (அவரோட அஞ்சு பாட்டு, ஒவ்வொண்ணும் ஒரு ராகம்) ஆரம்பிக்க, சுத்தி இருந்த கூட்டமும் கூடவே பாட ஆரம்பிச்சு யாரு பாடகர் யாரு ரசிகர்னே தெரியாமப் போச்சு. டிக்கெட்டும் கிடையாது.

நாட்டை, கௌளை, ஆரபி வரைக்கும் தாக்குப்பிடிச்சேனாம், வராளி வந்ததும் தாத்தா மடியில தூங்கிட்டேனாம். (வராளிய குரு நேரா சிஷ்யனுக்கு சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு ஒரு நம்பிக்கை உண்டு, எனக்கு கேக்கவே குடுத்து வைக்கல போல.) கடைசி ஸ்ரீ ராகத்துக்கு எழுப்பினா அழுதேனாம், இத நான் நம்பல.

சபா கேன்டீன் ரவா தோசை பத்தி எழுதினது மட்டும் அப்படியே உண்மை, அதுல மாத்தமில்ல.