முக்கோணச் சமனிலி: ஏழாம் வகுப்புக்கு வேறு சொல் உண்டா?

கோபியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புப் பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை ஈரோட்டில் அச்சுக்குப் போகிறது. முக்கோணத்தில் எந்த இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்கும் அல்லவா, அதற்கு ‘முக்கோணச் சமனிலி’ (சமனிலி என்றால் சமம் இல்லாதது) என்று எழுதியிருந்தேன். நேற்று வகுப்பில் சொன்னதும் ஒரு பையன், “அப்படின்னா சமபக்க முக்கோணத்துக்கு இது கெடையாதுங்களா டீச்சர்?” என்று கேட்டான். மூன்று பக்கமும் 5 செ.மீ. என்றாலும் 5+5 என்பது 5-ஐவிடப் பெரிதுதான். விதி சரி, பெயர்தான் பிள்ளையை வழிமாற்றுகிறது.

ஈர்க்குச்சிகளை 3, 4, 8 செ.மீ. ஒடித்துக் கொடுத்தேன். எட்டைத் தரையில் வைத்து, இரு முனையிலிருந்தும் மற்ற இரண்டையும் சாய்த்துப் பார்த்தார்கள். முழுக்கப் படுக்க வைத்தும் நடுவில் 1 செ.மீ. இடைவெளி. “எட்டமாட்டேங்குதுங்க” என்றாள் ஒருத்தி. பெரிய குச்சியை 7 ஆக்கினோம். “முட்டுதுங்க, ஆனா படுத்துக்கிச்சு.” இதற்குமேல் நான் என்ன விளக்க?

பொள்ளாச்சியிலிருந்து:

அம்மா, பிள்ளை கேட்டது நியாயம். சமன் வடசொல், அதில் ‘இலி’யை ஒட்டிவிட்டால் தமிழாகிவிடுமா? ‘அசமன்பாடு’ இன்னும் மோசம், முன்னொட்டும் வடமொழி. முக்கோணத்தில் இருக்கும் ‘கோண்’ நம் சொல். கோணல் என்று தினமும் சொல்கிறோம். ‘இருபக்க மிகை’ என்று வையுங்கள்.

கோவையிலிருந்து:

“சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்” என்று 118ஆம் குறளிலேயே சமன் இருக்கிறதே ஐயா. வள்ளுவர் எடுத்தாண்ட சொல்லை ஏழாம் வகுப்பிலிருந்து விரட்ட வேண்டுமா? அதே குறளில் ‘கோடாமை’யும் வருகிறது. கோடு என்றால் வளைவு, மலையுச்சி, யானைக் கொம்பு, ஏரிக்கரை. திருச்செங்கோட்டில் நிற்பதும் அந்தக் கோடுதான். நேராக இழுப்பதற்குக் கோடு என்று எப்படிப் பெயர் வந்தது என்பது என் நெடுநாள் கேள்வி.

தாராபுரத்திலிருந்து:

திருச்செங்கோடு ஏறி இறங்குவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிய வடிவியல் நூலின் முதல் புத்தகத்தில் இது 20ஆம் தேற்றம். கழுதைக்கும் தெரிந்ததற்கு நிறுவல் எதற்கு என்று எபிக்யூரஸ் என்ற தத்துவஞானியின் வழியினர் கேலி செய்ததாக, அந்தப் புத்தகத்துக்கு உரை எழுதிய புரோக்ளஸ் சொல்லியிருக்கிறார். வைக்கோலைக் கண்ட கழுதை இரண்டு பக்கம் சுற்றாது, நேரே போகும். நம் ஊரிலும் இட்டேரி (இருபுறமும் வேலி உள்ள தடம்) வளைந்து போனால், அவசரக்காரன் குறுக்கே வரப்பில்தான் இறங்குவான். ‘குறுக்குவழி விதி’ என்றால் தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

ஆனால் ஒரு தயக்கம் இருக்கிறது. கல்லூரியில் திசையன்களுக்கும் (வெக்டர்) கலப்பெண்களுக்கும் (காம்ப்ளக்ஸ் எண்) இதே விதி வரும். அங்கே ‘பெரிது அல்லது சமம்’ என்றாகிவிடும், மிகை என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் சமமே வருகிறது, அந்தப் படுத்துக்கொண்ட குச்சி மாதிரி. சமனிலி அதுவரைக்கும் கூட வரும்.

பொள்ளாச்சியிலிருந்து:

மிகையை விட்டுத் தருகிறேன். அந்தப் பெண் சொன்ன சொல்லை ஏன் எடுக்கக்கூடாது? எட்டு விதி.

தாராபுரத்திலிருந்து:

‘எட்டு விதி’ என்றால் மற்ற ஏழு விதி எங்கே என்பார்கள். எட்டல் விதி?

கோபியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நால்வர் சமனிலி, இருவர் எட்டல், ஒருவர் குறுக்குவழி. ‘முக்கோணச் சமனிலி (எட்டல் விதி)’ என்று அனுப்பிவிட்டேன். ஈர்க்குச்சிப் படம் முதலில், பெயர் அதற்குக் கீழே. மேல்வகுப்பில் அந்தப் பெயர் திரும்ப வரும்போது பிள்ளைக்குப் புதிதாக இருக்கக் கூடாது, அதனால்தான் விடவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து:

நல்ல சொல் அடைப்புக்குள், கடன் சொல் வெளியே. மாற்றிப் போட்டிருக்க வேண்டும் அம்மா, அடுத்த அச்சிலாவது மாற்றுங்கள். கோண் பற்றி இன்னும் நான் முடிக்கவில்லை, தனி மடலில் எழுதுகிறேன்.