முயல் பெட்டிக்கு வெளியே குட்டி போடுது, உதவி வேணும்

பெங்களூரு ஹெசரகட்டா பக்கம் முயல் வளர்க்கிறவங்க பார்த்துச் சொல்லுங்க. நியூசிலாந்து வெள்ளை இனம், முதல் ஈத்து. இணை சேர்த்த 28ஆம் நாள் பெட்டி வெச்சாச்சு: நீளம் 45 செ.மீ., அகலம் 30, உள்ளே வைக்கோல். 31ஆம் நாள் ராத்திரி நெஞ்சு முடியைப் பிடுங்கிப் பெட்டிக்குள்ள போட்டுட்டு, குட்டிகளை மட்டும் கூண்டோட கம்பிவலைத் தரை மேலே ஈன்றிருக்கு. விடியறப்போ பாதி விறைச்சுப்போச்சு. கையில வெச்சுச் சூடேத்தினதுல மூணு பிழைச்சுது. குட்டிங்க வயித்துத் தோலுக்கடியில, குடிச்ச பால் வெள்ளையா தெரியுது, அதனால தாய் ஒதுக்கலை. தீவனம், தண்ணி குறையலை.

அது மூத்திரம் போற மூலையிலதான் பெட்டி இருந்துச்சு, உள்ளே வைக்கோலும் நனைஞ்சிருந்துச்சு. காரணம் அதுவா இருக்கும்னு தோணுது. அடுத்த ஈத்துக்கு எதிர் மூலைக்கு மாத்தினா போதுமா? கோணி மூடி இருட்டாக்கணுமா? வலை மேல பலகை போட்டவங்க அனுபவமும் சொல்லுங்க.