‘ஸ்டெப் வோல்டேஜ்’: படியா, தப்படியா, காலிடையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஸ்டெப் வோல்டேஜ்’, அதாவது மின்சாரம் பாய்ந்த தரையில் நம் இரு பாதங்களுக்கும் நடுவே வரும் மின்னழுத்தம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நாம் பேசியதில் ‘தப்படி’, ‘எட்டு’ எல்லாம் வந்து, ‘படி மின்னழுத்தம்’ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலிருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரிலும் அதே ‘ஸ்டெப்’ இருக்கிறதே! படி என்றதும் பாலிடெக்னிக் மாணவனுக்கு 11,000 வோல்ட் 433 ஆக இறங்குவதுதான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு நம் காலைப் பற்றியது.

11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பி அறுந்து ஈரத்தரையில் விழுகிறது. விழுந்த இடத்தில் அழுத்தம் மிக அதிகம். தள்ளிப் போகப் போகக் குறையும். அதுவும் சீராகக் குறையாது, கிட்டத்தில் மடமடவென்று சரியும். அந்தச் சரிவில் ஒரு காலை முன்னே வைத்தால் இரண்டு பாதங்களும் வேறு வேறு அழுத்தத்தில் நிற்கும். மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். கம்பியைத் தொட்டிருக்கவே வேண்டாம். கணக்குக்குப் பாதங்களின் இடைவெளியை 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள்.

வடசென்னையில் ஒரு துணைமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யார்டில், அதாவது மின்கருவிகள் நிற்கும் திறந்தவெளியில், பரப்பிய ஜல்லி புல் முளைக்காமல் இருக்கத்தான் என்று நினைத்திருந்தேன். “ஜல்லி இன்னா அழகுக்கா கொட்டிக் கீது?” என்றார் ஃபோர்மேன். நனைந்தாலும் ஜல்லியின் மின்தடை மண்ணைவிடப் பல மடங்கு. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே அதுதான் காப்பு. சேறு ஏறி அடைத்துக்கொண்டால் போச்சு. கம்பி விழுந்த இடத்திலிருந்து விலகும் விதத்தையும் அவரே சொல்லிக்கொடுத்தார்: “காலை அகட்டாத. ரெண்டையும் ஒட்டி வெச்சுக்கினு தேச்சுக்கினே வா.”

‘அகட்டாத’ என்ற அந்த ஒரு சொல்லில் விஷயம் முழுக்க இருக்கிறது. அதனால் என் பரிந்துரை ‘காலிடை மின்னழுத்தம்’. ஆபத்து எங்கே இருக்கிறது என்று பெயரே காட்டிவிடும்.

‘தப்படி’ (நடக்கையில் எடுத்துவைக்கும் அடி) அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் மாட்டை யோசியுங்கள். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே இடைவெளி நம்முடையதைவிட அதிகம். போகும் வழியில் நெஞ்சும் இருக்கிறது. அது தப்படி வைக்கவே தேவையில்லை, சும்மா நின்றாலே போதும். ‘எட்டு மின்னழுத்தம்’ சொன்ன நண்பர் கோபிக்கக் கூடாது, எட்டு வோல்ட் என்றுதான் படிப்பார்கள்.

இடை என்றால் இடுப்பாயிற்றே என்று யாராவது கேட்கலாம். ‘கால்’ முன்னால் நிற்பதால் அந்தக் குழப்பம் வராது. முறைப்படி ‘மின்னழுத்த வேறுபாடு’ என்று சொல்லவேண்டும்தான். யார்டு வாசல் பலகையில் இடம் போதாது. மின்சாரம் ஏறிய பொருளைத் தொடும்போது கைக்கும் காலுக்கும் நடுவே வரும் ‘டச் வோல்டேஜ்’ தொடு மின்னழுத்தமாகவே இருக்கட்டும், சரியாகத்தான் இருக்கிறது.

அப்புறம், ‘டிரான்ஸ்ஃபர்ட் பொட்டன்ஷியல்’ பாக்கி. வேலி, தண்டவாளம், தண்ணீர்க் குழாய் வழியாக யார்டின் அழுத்தம் வெளியே போய்விடுகிறதே, அது. ‘கடத்து’ என்று வைத்தால் கடத்தியோடு (கண்டக்டர்) மோதும். இடம்பெயர்வதால் ‘பெயர் மின்னழுத்தம்’ என்றால், கருவியின் நேம் பிளேட்டில் இருப்பது என்று எண்ணுவார்கள். வேறு ஏதாவது தோன்றுகிறதா?

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து